கைப்பாறைக்கு லோர்னா போன சனிக்கிழமை

விட்னி கிணறு என்கிற அந்தச் சின்ன ஊரில் லோர்னாவுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. யார் வீட்டு நாய் குட்டி போட்டது, யார் வண்டி எந்த மணலில் புதைந்து கிடக்கிறது, எந்த அண்ணன் தம்பிக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை, எல்லாம் அவள் காதுக்குத்தான் முதலில் வரும். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தேழு வருடம் கரண்டி பிடித்தவள். பிள்ளைகள் தட்டை நீட்டுகிற விதத்திலேயே அந்த வீட்டில் நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, சொந்த மருமகனைப் பற்றிய ஒரு விஷயம் ஒன்பது வருடமாகத் தெரியாமலே இருந்தது. தெரிய வந்தபோது அவள் ஊரை விட்டுக் கிளம்ப இரண்டு நாள்தான் பாக்கி.

கிளம்பக் காரணம் சிறுநீரகம். இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மெஷின் இருப்பதோ நானூறு கிலோமீட்டர் தள்ளி டவுனில். வருகிற திங்கட்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மகள் நெரிடா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க முன்னாலேயே போய்விட்டாள். மெஷினுக்கென்று டவுனுக்குப் போனவர்கள் திரும்பி வருவது பெட்டியில்தான். இது விட்னி கிணற்றில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லோர்னாவும் சொல்லவில்லை. இரண்டு கம்பளி, ஒரு கெட்டில், புருஷன் போட்டோ, அவ்வளவையும் ஒரு பையில் திணித்து வைத்துவிட்டு, "இந்த வீட்டுல பல்லி கூட என்னைத் தேடாது" என்று சிரித்தாள்.

அவளைத் தேடக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கைப்பாறை.

வண்டிப் பாதை முடிகிற கம்பிக் கதவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. முள்புல் வெளி, காய்ந்த ஆறு, அதைத் தாண்டி ஒரு ஏற்றம், ஒரு வளைவு. அந்த வளைவைத் திரும்பினால் குடைந்த பாறையின் சுவர் முழுக்கக் கைகள். பாறைமேல் கையை வைத்து, வாயில் நிறைத்த வண்ண மண்ணைச் சுற்றி ஊதி எடுத்த கைகள். அடியில் இருப்பவை எத்தனை ஆயிரம் வருடத்துக் கைகள் என்று படித்தவர்கள் வந்து கணக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். லோர்னா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவளுக்கு மேலே இருப்பவை போதும். அம்மாவின் கை, அதன் அருகே ஆறு வயதில் அவள் வைத்த கை.

அப்பா வழியில் அது அவளுடைய இடம். வருடத்துக்கு நாலு தடவையாவது போய், சுற்றிலும் காய்ந்த புல்லை எரித்து, செத்த பிறகும் அங்கேயே இருக்கும் பெரியவர்களைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கூப்பிட ஆளில்லாத இடம் முறைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் தம்பி இருந்தான், அவன் பார்த்துக்கொண்டான். அவன் போய்விட்டான். செத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அவன் பெயரை ஊரில் இன்னும் யாரும் எடுப்பதில்லை, கதை சொல்கிற நானும் எடுக்கவில்லை. அவன் பையன்கள் இரண்டு பேரும் மேற்கே ஏதோ சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் கூட எட்டிப் பார்ப்பதில்லை. லோர்னாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது, அவளும் போகவில்லை. ஆனாலும் அவள் பயப்படவில்லை. மருமகன் டார்சி ஒன்பது வருடமாக வனக்காவல் வேலையில் இருந்தான், அந்தப் பாதை அவன் பொறுப்பு. 'அவன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்' என்று நினைத்தாள்.

நினைத்தாளே தவிர, அதை அவனிடம் சொல்ல வழியில்லை. அவர்கள் முறைப்படி மாமியாரும் மருமகனும் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது, பெயரை உச்சரிக்கக் கூடாது. நெரிடாவைக் கட்டி பதினொரு வருடமாகிறது. லோர்னா அவன் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. அவனுடைய தொப்பியின் பின்பக்கம் தெரியும். அவன் காலடித் தடம் தெரியும். சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்ததால் இடது குதிகால் லேசாக இழுத்திருக்கும். அவன் கடைக்குள் வந்தால் இவள் ஐஸ்பெட்டி அறை வழியாகப் பின்புறம் போய்விடுவாள். இவள் தெருவில் வந்தால் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போவான். வெளியூர்க்காரர்கள் இதைச் சண்டை என்று நினைப்பார்கள். ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது என்பது அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது! அவன் வேட்டைக்குப் போனால் கங்காருவின் வால் லோர்னா வீட்டு வாசலில் வந்து தொங்கும். யார் வைத்தது என்று அவளும் கேட்டதில்லை.

ஊரில் அந்த வாரம் ஓடுகிற நிலையில் இருந்தது டார்சியின் பிக்கப் ஒன்றுதான். அதனால் கைப்பாறையிடம் சொல்லிக்கொண்டு வர, சனிக்கிழமை காலை அதில் போவது என்று முடிவானது. நடுவில் சேதி சொல்ல நாத்தனார் பெர்ல் வந்தாள். பெர்ல், லோர்னாவுடைய செத்துப்போன புருஷனின் அக்கா. சேதியை வாங்கின மாதிரியே கொண்டுபோய்ச் சேர்த்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

பின்தட்டில் மெத்தை போட்டு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள் லோர்னா. டார்சி கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு ஓட்டினான். பெர்ல் முன்னால் அவன் பக்கத்தில், நடுச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

"பெர்ல், மெத்தைக்கு அடியில என்னமோ ஸ்பானர் மாதிரி முதுகுல குத்துது. கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு."

பெர்ல் திரும்பினாள். "உன் மாமியா சொல்றா, நீ ஒட்டகத்தை வண்டின்னு நெனச்சு ஓட்டுறியாம்."

"அடியே! நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படிச் சொல்லலையாம். கழுதைன்னு சொன்னாளாம்."

டார்சிக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் பெர்ல் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தான். பிறகு தாழ்ந்த குரலில், "மெதுவாப் போறேன் பெரியம்மா. அந்த ஸ்பானர் ரெண்டு நாளாக் காணோம்னு தேடுனேன், கிடைச்சது நல்லதுன்னு சொல்லுங்க" என்றான்.

"உன் பாரத்தால ஸ்பானர் வளைஞ்சிருக்கும்னு சொல்றான்டி" என்றாள் பெர்ல்.

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகன் காதில் விழும்படி சிரிப்பதும் அவ்வளவு நல்லதில்லை.

கம்பிக் கதவருகே இறங்கி டீ போட்டார்கள். டார்சி தன் குவளையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். டாக்டர் லோர்னாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருந்தார். அவள் அரைக் குவளை வாங்கி, சாம்பலில் சுட்ட ரொட்டியைத் தொட்டுத் தொட்டு நேரம் கடத்தினாள். குளிர்காலத்து வெயில் முள்புல் நுனியில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. இதே இடத்தில் அம்மா அவளை இடுப்பிலிருந்து இறக்கி, "இனிமே நட" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா அப்போது மாட்டுப் பண்ணை வீட்டில் சமையலுக்கு நின்றாள். கூலி மாவும் சர்க்கரையும் தேயிலையும்தான். வருடத்தில் ஒரு தடவை, வெயில் உச்சத்தில் பண்ணை வேலை நிற்கும்போது, எல்லோரும் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு நடக்கக் கிளம்புவார்கள். அப்பா பாடிக்கொண்டே முன்னால் போவார். பண்ணையில் முதலாளி பக்கத்தில் குனிந்து நிற்கிற அப்பா, இந்தக் கதவைத் தாண்டியதும் ஒரு சாண் உயர்ந்துவிடுவார். அந்த அப்பாவைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கும்.

டார்சி ஐம்பது அடி முன்னால் நடந்தான். கையில் மண்வெட்டி, முதுகில் பை. வழியில் நீட்டிக்கொண்டிருந்த முள்புல்லை வெட்டித் தள்ளினான். உருளும் கல் இருந்தால் காலால் ஒதுக்கினான். நிழல் வந்த இடத்தில் தண்ணீர்ப் புட்டியை வைத்துவிட்டு நகர்ந்தான். லோர்னா உட்கார்ந்தால் அவனும் நின்றுவிடுவான். திரும்ப மாட்டான், மலையைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பான். அவள் எழுந்து சருகில் கால் வைத்த சத்தம் கேட்டதும் அவன் தொப்பியும் நகரும்.

காய்ந்த ஆற்றின் கரையில் பெர்ல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என் முட்டி இதுக்கு மேல வராது. நீ போய்ட்டு வா."

"நீயில்லாம நான் எப்படி அவன்கிட்ட..."

"என்ன பேசப்போற? மேல போனா நீ பேசப்போறது பெரியவங்களோட. அவன் வளைவுகிட்ட நின்னுக்குவான். எப்பவும் அங்கதானே நிக்கிறான்."

லோர்னா நின்றாள். "எப்பவும்னா?"

"எப்பவும்னா எப்பவும்தான். அவன் ஒருநாளும் மேல போனதில்லையே."

"என்னடி உளர்ற? ஒம்பது வருஷமா பாதை பெருக்குறான்!"

"வளைவு வரைக்கும் பெருக்குறான். அதுக்கு மேல போகணும்னா அந்த இடத்துக்காரங்க யாராவது அவனை அங்க கூட்டிட்டுப் போய்ப் பெரியவங்களுக்குக் காட்டிச் சொல்லணும்ல? அவன் உப்பேரிப் பக்கத்து ஆளு, இந்த எடத்துக்கு அந்நியன். யார் சொன்னா அவனைப் பத்தி?"

"என் தம்பி சொல்லியிருப்பானே."

"உன் தம்பி, நீ நெரிடாவை விட்டுச் சொல்ல வெச்சிருப்பேன்னு நெனச்சான். நெரிடா, மாமா முடிச்சிட்டாருன்னு நெனச்சா. நான், நீங்கல்லாம் பெரிய ஆளுங்க, உங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன். நேத்துதான் அவன் வாயைக் கிண்டிக் கேட்டேன்."

"அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"யார்கிட்ட கேட்பான்? கேட்டா அது கடைசியில உன்கிட்டதான் வந்து நிக்கும். 'மாமியாரே, எனக்காகப் பேசு'ன்னு ஒரு ஆம்பள சேதி அனுப்புவானா? வெக்கத்துல செத்துருவான். டவுனுக்கு அனுப்பி அவனுக்குக் குளவிக்கூடு எடுக்கற வேலையெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, பாறையில கீறல் விழாம. அதுக்குக் குடுத்த பிரஷை ஒம்பது வருஷமாப் பையில சுமக்கிறான், ஒருநாளும் நனையல."

லோர்னாவுக்கு முகம் எரிந்தது. வெட்கம்தான். தன் வீட்டு வாசலில் ஒரு மனுஷன் ஒன்பது வருடம் நின்றிருக்கிறான், உள்ளே வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவனைவிட்டால் இனி ஆளும் இல்லை. திங்கட்கிழமை அவள் போய்விட்டால் அந்த வளைவோடு எல்லாம் நின்றுவிடும். அவனும் சாகிறவரை அங்கேயே பெருக்கிக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவன் அவன்.

"எந்திரி பெர்ல். நீ வந்து சொல்லு அவனுக்காக."

"நான் சொன்னா கேட்குமா? நான் உன் புருஷன் ஊரு. இது உங்கப்பன் எடம். உன் வாயிலேர்ந்துதான் வரணும்."

லோர்னா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆற்று மணலில் இறங்கினாள். மணல் காலை இழுத்தது. எதிர்க்கரை ஏறும்போது மூச்சு வாங்கி இரண்டு தடவை உட்கார்ந்தாள். முன்னால் தொப்பியும் இரண்டு தடவை நின்றது. பெயரைச் சொல்லக் கூடாது, தொடக் கூடாது. புது ஆளை இடத்துக்குக் காட்டும்போது நம்முடைய வியர்வையை எடுத்து அவர்கள் மேல் பூச வேண்டும், அப்போதுதான் பெரியவர்களுக்கு வாசம் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்தாள். இவனுக்கு எப்படிச் செய்வது? பாதித் தூரம் இதை நினைத்தே நடந்தாள், கால் வலி தெரியவில்லை.

வளைவுக்கு வந்தபோது டார்சி வழியை விட்டு விலகி, ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் போய் நின்றிருந்தான். பெருக்குகிற தழைக்கட்டு பாதையோரம் கிடந்தது. அதுவரை பாதை வீட்டு முற்றமாகச் சுத்தமாக இருந்தது. அதற்கு அப்பால் இரண்டு வருடச் சருகு.

லோர்னா தலைத்துணியை அவிழ்த்தாள். கழுத்தைத் துடைத்தாள், கைகளைத் துடைத்தாள், அக்குள்களில் அழுத்தித் துடைத்தாள். துணி நன்றாக ஈரமானதும் வளைவிலிருந்த முல்கா மரத்தின் கிளையில் தொங்கவிட்டாள். கல்லின் பக்கம் பார்க்காமல் சருகில் கால் வைத்து மேலே ஏறினாள்.

பாறைக்கு முன்னால் வந்து நின்றாள். கைகள் எல்லாம் அங்கேயே இருந்தன. அம்மாவின் கை, சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்தது, பண்ணையின் துணி பிழியும் மெஷினில் மாட்டி வளைந்தது. அதன் மணிக்கட்டில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய ஆறு வயதுக் கை. அப்பா வாயில் வெள்ளை மண்ணை நிறைத்துக்கொண்டு ஊதியபோது கூச்சத்தில் அவள் சிரித்துக் கையை அசைத்துவிட்டாள், கட்டைவிரல் இரண்டாகத் தெரியும். அப்பா வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "ரெண்டு கட்டைவிரல்காரி வந்திருக்கா, பாத்துக்குங்க" என்று பாறையைப் பார்த்துக் கத்தினார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரிக்கிற அம்மாவைப் பண்ணை வீட்டுக்காரர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாவும் அப்பாவும் எத்தனை சின்ன வயது என்று இப்போது நினைத்தால்தான் தெரிகிறது. அவளுடைய மகளைவிடச் சின்னவர்கள்.

லோர்னா தன் கையைத் தூக்கி அந்தச் சின்னக் கைக்கு நேராக, பாறையைத் தொடாமல் பிடித்துப் பார்த்தாள். வீங்கிய கை, ஊசி குத்திய கை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"பெரியவங்களே! நான் லோர்னா. உங்க பொண்ணு. ரெண்டு வருஷமா வரல, கோவிச்சுக்காதீங்க, காலு வீங்கிக் கெடந்துச்சு. நான் திங்கக்கிழமை போறேன். தூரமாப் போறேன்." அடுத்ததை வளைவு வரை கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "கீழ ஒருத்தர் நிக்கிறாரு. என் பொண்ணோட புருஷன். என் பேரப்பிள்ளைங்களோட அப்பா. உங்க பாதையை ஒம்பது வருஷமாப் பெருக்குனது அவருதான். யாரும் கூப்பிடாததால மேல வரல. தப்பு அவருது இல்ல, எங்களுது. என்னுது. நல்ல மனுஷன். என் வீட்டு வாசல்ல கறி இல்லாத வாரம் கெடையாது. என் வேர்வையோட வருவாரு, மோந்து பாருங்க. அந்நியன்னு நெனச்சு நோவு குடுத்துறாதீங்க. எனக்குப் பார்த்த மாதிரி அவருக்கும் பாருங்க. அவ்வளவுதான்."

 பதினொரு வருடத்தில் அவனைப் பற்றி அவன் காது கேட்க அவள் பேசியது அதுதான் முதல் தடவை. பாறையின் மறுகோடியில் ஒரு தட்டைக் கல் இருந்தது. அதில் போய், சமவெளியைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் வரமாட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு துணி தொங்கிய கிளை சலசலத்தது, அதன்பின் சருகு சத்தம் கேட்டது. இடது குதிகால் இழுக்கிற சத்தம். நின்று, இன்னொரு அடி, நின்று. அவள் முதுகுக்குப் பின்னால், முப்பது அடியில், அது முழுசாக நின்றது. அவன் மூச்சு விடுவது கூடக் கேட்டது. பையைத் திறக்கிற சத்தம், புட்டி மூடி திருகுகிற சத்தம், கொஞ்ச நேரத்தில் ஈரப் பிரஷ் மண்ணில் தேய்கிற மெல்லிய சத்தம். அம்மாவின் மணிக்கட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் அவசரப்படவில்லை.

பிரஷ் நின்றது. அவன் குரல் வந்தது, பாறையைப் பார்த்து.

"பெரியவங்களே. நான் டார்சி. அவங்க சொன்னதைக் கேட்டிருப்பீங்க. இனிமே நான் வருவேன். திங்கக்கிழமை வருவேன், புதன்கிழமை வருவேன், வெள்ளிக்கிழமை வருவேன். என் பிள்ளைங்களோட அம்மாச்சி அந்த நாள்லதான் அங்க மெஷின்ல படுத்திருப்பாங்க. அவங்க பேரை நான் சொல்லக் கூடாது. ஆனா ஒவ்வொரு தடவையும் இங்க நின்னு, அவங்களும் என்கூட வந்திருக்காங்கன்னு சொல்லிட்டுத்தான் உள்ள கால் வைப்பேன். அவங்க போயிட்டதா நீங்க நெனச்சிறாதீங்க."

பதில் சொல்லக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது. லோர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அப்படியே உட்கார்ந்து அழுதாள்.